வேலூரின் மூன்று தலைமுறை மேஸ்திரிக் குடும்பங்கள்: வீட்டு வேலையைக் கொடுக்கலாமா?

வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரிப் பக்கம் வீடு கட்ட இறங்கினால் கையில் இருப்பது இரண்டு வழி. சதுர அடி ரேட்டில் கட்டித்தரும் புதிய நிறுவனங்கள் ஒன்று. தாத்தா கரணை பிடித்து, அப்பா காண்ட்ராக்ட் எடுத்து, இன்று பேரன் சிவில் படித்து நடத்தும் குடும்ப நிறுவனங்கள் இன்னொன்று. இந்த மதிப்பீடு இரண்டாவது வகையைப் பற்றியது. கல், செங்கல், பூச்சு வேலையில் தாராளமாக நம்பலாம். கான்கிரீட் போடும் நாளில் மட்டும் பக்கத்தில் நின்றே ஆகவேண்டும்.

முதல் தலைமுறை கற்றது சுண்ணாம்பு. வேலூரை உள்ளடக்கிய பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-ல் பிரிவதற்கு வெகுகாலம் முன்பே கருங்கல் கடைக்கால், சுண்ணாம்புச் சாந்தில் செங்கல் சுவர், தேக்கு உத்திரத்தின்மேல் சிறு செங்கற்களை நெட்டாக நிறுத்தி மூலைவாட்டில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் என்று வேலை பழகியவர்கள். அந்தக் கை இன்னும் போகவில்லை. செங்கல்லைத் தொட்டியில் போட்டுக் குமிழி நிற்கும்வரை ஊறவைப்பார்கள். வரிக்கு வரி தூக்குக்குண்டு பிடிப்பார்கள். ஏரிப் பக்கத்துக் களிமண் என்றால், கடினத் தரை வரும்வரை தோண்டாமல் கல் இறக்கமாட்டார்கள்.

கோளாறும் அதே சுண்ணாம்பிலிருந்துதான் வருகிறது. ஈரம் காயாமல் மூடிவைத்தால் சுண்ணாம்புச் சாந்து மறுநாளும் உதவும். சிமெண்ட் அப்படியல்ல, தண்ணீர் பட்டு அரை மணி நேரம் கடந்தாலே இறுகத் தொடங்கலாம். சாப்பாட்டு வேளைக்கு முன் கலந்ததை வந்தபின் தண்ணீர் தெளித்துக் கிளறிப் போடும் பழக்கம் மூன்றாம் தலைமுறை வேலையிடங்களிலும் தொடர்கிறது. அப்படிப் போட்ட பில்லர் பலம் இழக்கும். 50 கிலோ மூட்டைக்கு 25 முதல் 27 லிட்டர் தண்ணீர் போதும். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) நனைந்திருந்தால் இன்னும் குறைக்கவேண்டும். பாலாற்று மணலில் பழகிய கண்ணுக்கு எம்-சாண்ட் கலவை வறட்சியாகத் தெரியும், உடனே ஒரு வாளி கூடுதலாக ஊற்றிவிடுவார்கள். அளந்த வாளியும், கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டரும் இல்லாமல் கலவையைத் தொடங்க விடாதீர்கள்.

கம்பிக்கு அடியில் ஜல்லித் துண்டு வைப்பதை ஏற்காதீர்கள். தளத்துக்கு 20, பில்லருக்கு 40, அடித்தளத்துக்கு 50 மில்லிமீட்டர் கவர் பிளாக் (கம்பிக்கும் பலகைக்கும் இடைவெளி காக்கும் சிறு கட்டை) வேண்டும். நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்களின் கொக்கி 135 பாகை உள்நோக்கி மடங்கியிருக்கிறதா பாருங்கள். 90-ல் நிறுத்துவதுதான் இங்கே பெரும்பாலும் நடக்கிறது. வேலூர் வெயிலில் தளத்துக்குக் குறைந்தது 10 நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கவேண்டும். முட்டுப் பலகையை அடுத்த வேலைக்கு எடுத்துப்போகும் அவசரம் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. முட்டு நிற்கவேண்டியது 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், 6 மீட்டர் தாண்டிய உத்திரத்துக்கு 21 நாள். இதில் பேரம் கிடையாது.

இவர்களிடம் கேட்டு வாங்கவேண்டியது சுருக்கித் தளம், அதாவது மாடிமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் அடித்துப் போடும் காப்பு. இன்று பலரும் மாடியில் ரசாயனப் பூச்சு அடித்து முடித்துவிடுகிறார்கள். அது நீரைத் தடுக்கும், வெயிலைத் தடுக்காது. 20 மில்லிமீட்டர் செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு 12.5 பங்கு சேர்த்து, சராசரி 75 மில்லிமீட்டர் கனத்தில் பரப்பி, கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டு ஓடு பதிப்பது பழைய முறை. சரிவு 10 அடிக்கு 2 அங்குலம். அடிக்கும் கை தெரிந்த பெரியவர்கள் இந்தக் குடும்பங்களில்தான் மிச்சம். ஒரு சதுர மீட்டருக்கு 140 கிலோவுக்குக் குறையாத எடை கூடும். வரைபடம் போடும்போதே பேரனிடம் சொல்லிக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

பலகையில் தாத்தா பெயர் இருக்கும், வேலைக்கு வருவது வெளியாள் கூலிக்குழுவாக இருக்கலாம். கான்கிரீட் நாளில் குடும்பத்தில் யார் நிற்பார் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். செப்டிக் டேங்க், சம்ப், காம்பவுண்டு சதுர அடி ரேட்டுக்குள்ளா வெளியா என்பதும் அதிலேயே இருக்கட்டும். வாய்ப்பேச்சாக விட்டால் தகராறு பெரும்பாலும் இந்த மூன்றில்தான் வரும். பணத்தை லிண்டல் (கதவு, ஜன்னல் மேல் வரும் உத்திரம்), தளம், பூச்சு என்று கட்டம் பிரித்துக் கொடுங்கள். கடைசி 5 சதவீதத்தை ஒரு வடகிழக்குப் பருவமழை முடியும்வரை கையில் வைத்து, பாராபெட் சுவர் தளத்தோடு சேரும் ஓரத்தில் ஈரம் இறங்கவில்லை என்று பார்த்த பிறகு கொடுங்கள்.