லவுட்னெஸ் குமிழுக்காக வாங்கிய ஆம்ப்ளிஃபையர்

ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் முடிந்து நேற்றுதான் வீட்டுக்கு வந்தது. அதே நேரம் பார்த்துத் தென்காசி நண்பன் போன் பண்ணி, அந்த மாடல் இப்போது விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டான். அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். மாடல் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு பிராண்டைப் பற்றியதாகிவிடும். இரண்டு சேனல், கிளாஸ் ஏபி (ஓடும்போது கொஞ்சம் சூடாகும் சர்க்யூட் வகை), பத்து கிலோவுக்கு மேல் எடை. இது போதும்.

ஒலியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த விலையில் வரும் எந்த நல்ல ஆம்பும் நன்றாகவே பாடும். கண்ணைக் கட்டிவிட்டு, ஒலி அளவைச் சமமாக வைத்து, ஒன்று மாற்றி ஒன்று போட்டால் எது எதென்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் விமர்சனங்களைப் பாருங்கள், குரலின் இனிமை, கருவிகளின் இடைவெளி என்றே பக்கம் பக்கமாக ஓடும். டிவி அலமாரியின் ஆழத்துக்குள் நுழையுமா, பின்னால் ஒயர் செருக இடம் இருக்குமா, மேலே எவ்வளவு சூடாகும், கெட்டுப்போனால் யார் பார்ப்பார்கள்? வாங்கியவன் தினமும் சந்திப்பது இவற்றைத்தான், இவற்றைப் பற்றி ஒரு வரி இருக்காது. எனக்கு இது உண்மையிலேயே கோபம் தரும் விஷயம்.

நான் இதை எடுத்தது முன்பக்கத்தில் இருக்கும் லவுட்னெஸ் குமிழுக்காக. எங்களுடையது அடுக்குமாடிக் குடியிருப்பு, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. பாட்டுக் கேட்க நேரம் கிடைப்பதோ ராத்திரி பத்து மணிக்கு மேல். அப்போது வால்யூமைக் குறைத்தால் முதலில் காணாமல் போவது பேஸ், அதாவது அடித்தொனி. மிருதங்கத்தில் வலந்தலை கேட்கும், தொப்பி கேட்காது. இது ஆம்பின் கோளாறு இல்லை, காதின் இயல்பு. ஒலி குறையக் குறைய, தாழ்ந்த அலைவரிசைகள் நம் காதுக்கு மற்றவற்றைவிட வேகமாக மங்கிவிடும். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து 1933-லேயே வெளியிட்டுவிட்டார்கள். பழைய ஆம்புகள் பலவற்றில் இதற்கென்று ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினால் பேஸ் ஏறும். என்னிடம் இருப்பதில் அது படிப்படியாகத் திருகும் குமிழ். முதலில் அதை எதையும் மாற்றாத ‘ஃப்ளாட்’ நிலையில் வைத்துவிட்டு, நாம் கேட்கக்கூடிய உச்ச அளவுக்கு வால்யூமை ஏற்ற வேண்டும். அப்புறம் வால்யூமைத் தொடாமல் இந்தக் குமிழைத் திருப்பினால் நடுப்பகுதி ஒலி அதிகமாக இறங்கும், பேஸ் அந்த அளவுக்கு இறங்காது. பக்கத்து அறையில் தூங்குகிறவர் புரண்டுகூடப் படுக்கமாட்டார், எண்பதுகளின் சினிமாப் பாட்டில் பேஸ் கிடார் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்கும். இந்தச் சந்தோஷம் இத்தனை வருஷத்தில் குறையவே இல்லை.

சிக்னல் போகும் வழியில் எதுவும் குறுக்கே வரக்கூடாது என்கிறவர்கள் உண்டு. ரீகா ப்ரியோ போன்ற ஆம்புகளில் பேஸ், ட்ரெபிள் குமிழ்கூடக் கிடையாது. அது நியாயமான கொள்கைதான். வால்யூமைத் தாராளமாகத் திறந்து கேட்க முடிகிறவர்களுக்கு அது சரி.

ஆனால் இந்தக் குமிழ் ரிமோட்டில் இல்லை! வால்யூம் குமிழுக்குள் மோட்டார் இருக்கிறது, ரிமோட்டை அழுத்தினால் தானே சுழலும். லவுட்னெஸுக்கு மட்டும் எழுந்து போக வேண்டும். ஒரு பாட்டு சன்னமாகவும் அடுத்தது சத்தமாகவும் பதிவாகியிருந்தால் எழுந்து, திருகி, உட்கார்ந்து, மறுபடி எழ வேண்டும். இவ்வளவு யோசித்து வைத்தவர்கள் இன்னொரு சின்ன மோட்டாரை ஏன் வைக்கவில்லை? ஒவ்வொரு ராத்திரியும் இதே எரிச்சல்.

இப்போது வந்த ரிப்பேருக்குக் காரணம் பல்லி. கிளாஸ் ஏபி ஆம்ப் கதகதப்பாக இருக்கும், மேலே காற்றுத்துளைகள் இருக்கும். பல்லிக்கு வேறென்ன வேண்டும்? பவர் பகுதியில் ஷார்ட் ஆகிவிட்டது. முதலில் காட்டிய இடத்தில் போர்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லி, புது ஆம்ப் விலையில் பாதியைக் கேட்டார்கள். எடுத்துக்கொண்டு இங்கே சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, எரிந்த பாகங்களை மட்டும் மாற்றினால் போதும் என்றார். உள்ளே எல்லாம் தனித்தனிப் பாகங்கள், கையால் கழற்றி மாட்டக்கூடியவை. அதனால்தான் பிழைத்தது. "கம்பிவலை வேண்டாம் சார், கழண்டு உள்ளே விழுந்தா மறுபடி ஷார்ட் ஆகும். அகலக் கண்ணி நைலான் வலை போடுங்க, காத்து போகணும்" என்றார். போட்டிருக்கிறேன். அதோடு ஆம்பை மூடிய அலமாரியிலிருந்து வெளியே எடுத்தும் வைத்துவிட்டேன். பத்து டிகிரி சூடு கூடினால் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

ஸ்பீக்கரையும் நான் இப்படி வீட்டுக்குத் தோதாகப் பார்த்துத்தான் எடுத்தேன். எலாக் டெபு பி6.2. காற்றுத்துளை முன்பக்கம் இருப்பதால் சுவரை ஒட்டி வைத்தாலும் பேஸ் அதிகம் குழம்புவதில்லை. எங்கள் ஹாலில் வேறு இடமே கிடையாது.

சரி, நண்பனுக்கு என்ன சொன்னேன்? வேண்டாம் என்றேன். இத்தனை புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது அவனுக்கும் புரியவில்லை. பத்து கிலோவைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி ஏறிய வலி இன்னும் இடுப்பில் இருக்கிறது, அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் கெட்டுப்போனால் அவன் ஊரிலிருந்து இதைப் பார்சல் கட்டிச் சென்னைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அவன் வீட்டில் பாதி நேரம் ஓடுவது டிவி. இதில் எச்டிஎம்ஐ கிடையாது, அவன் அம்மா சீரியல் பார்க்க இரண்டு ரிமோட்டைக் கையாள வேண்டும். எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை ஆம்புக்கு அனுப்பி, டிவி ரிமோட்டிலேயே வால்யூமை மாற்ற விடும் இணைப்பு) உள்ள, எடை குறைந்த ஆம்பாகப் பார், முதலில் திருநெல்வேலியில் அதை யார் ரிப்பேர் பார்ப்பார்கள் என்று விசாரித்துவிட்டு அப்புறம் பணத்தைக் கட்டு என்றேன். லவுட்னெஸ் குமிழ் இருக்குமா என்று கேட்டான். இருக்காது என்றேன்.