சென்னையிலிருந்து யாழ்ப்பாணம்: பலாலியா, கட்டுநாயக்கவா?

மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்து விமான நிலையமான பலாலிக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 355 கி.மீ. கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கவுக்கு 645. இருந்தும் டிக்கெட்டில் பயண நேரம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி. காரணம் ஓடுபாதை. 2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு நிலையமாகத் திறந்தபோது அதன் நீளம் 1,400 மீட்டர். முழுச் சுமையோடு ஏ320 போன்ற ஒரு ஜெட் கிளம்ப இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். எனவே சென்னையிலிருந்து அங்கே போவது விசிறி வைத்த ஏடிஆர் 72 என்னும் சிறிய விமானம். மணிக்கு 500 கி.மீ. அளவில் பறக்கும். கொழும்புக்குப் போகும் ஜெட் 800ஐத் தாண்டும்.

வித்தியாசம் தெரிவது தரையிறங்கிய பிறகு. பலாலியிலிருந்து யாழ் நகரம் சுமார் 17 கி.மீ., அரை மணிச் சாலை. கட்டுநாயக்கவில் இறங்கினால் புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாக 350 கி.மீ.க்குக் குறையாத சாலை. வாகனத்தில் ஏழெட்டு மணி. ரயிலென்றால் முதலில் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்துக்குப் போக வேண்டும், அதாவது தெற்கே இன்னும் 30 கி.மீ. வரைபடத்தில் சென்னைக்கும் கட்டுநாயக்கவுக்கும் நேர்கோடு போட்டுப் பாருங்கள்: கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலேயே போகும். போக வேண்டிய ஊரைத் தாண்டிப் பறந்து, தரைவழியே திரும்பி வருகிறோம்.

மொத்த நேரக் கணக்கு இப்படி வரும். புறப்பாட்டுக்கு மூன்று மணி முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும் என்று வைத்தால், பலாலி வழி சுமார் ஐந்து மணி. கட்டுநாயக்க வழி பதினொன்றேகால் முதல் பன்னிரண்டரை. வவுனியாவுக்குப் போகிறவருக்கும் பலாலியே பக்கம்.

பலாலியின் பலவீனம் வேறு இடத்தில். விமானங்கள் குறைவு, ஒன்று ரத்தானால் பெரும்பாலும் மறுநாள்தான். 2020 மார்ச்சில் நின்ற சேவை 2022 டிசம்பரில்தான் மீண்டது. சிறிய விமானம் என்பதால் சுமையிலும் தாராளம் கிடையாது. டிக்கெட்டில் அச்சிட்ட கிலோ அளவைப் பார்த்துவிட்டு மூட்டை கட்டுங்கள். பலாலியிலிருந்து சென்னை வந்து லண்டனுக்கோ டொராண்டோவுக்கோ இணைப்பு விமானம் பிடிப்பவர்கள் சென்னையில் ஒரு இரவு இடைவெளி வைப்பது நல்லது. கட்டுநாயக்கவுக்கு ஒரே நாளில் பல விமானங்கள் உண்டு. கொழும்பில் தூதரக வேலையோ மருத்துவரோ இருந்தால் அந்த வழியே சரி.

கப்பலும் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டுத் துறைமுகமான காங்கேசன்துறைக்கு ஏறத்தாழ 110 கி.மீ. கடல், நான்கு மணி. ஆனால் சென்னையிலிருந்து நாகைக்கே 300 கி.மீ. சாலை. தஞ்சாவூர், திருவாரூர்க்காரர்களுக்கு நிச்சயம் லாபம், சென்னைக்காரருக்கு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று கடலைக் கிளப்பினால் சேவை வாரக்கணக்கில் நிற்கும். அந்த மாதங்களில் கப்பலை நம்பிக் கல்யாணத் தேதிக்குப் பயணம் வைக்க வேண்டாம்.