மழை ஊரில் தனியாள்: டொஃபினோவா, கெச்சிக்கனா?

தனியாகப் போக வேண்டும், ஒரு வாரமாவது தங்க வேண்டும், மழையில் நனைந்தபடி ஊரைச் சுற்ற வேண்டும், நடுவில் கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகும் ஓட்ட வேண்டும். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் இப்படி இடம் தேடுகிறவர்களுக்கு இரண்டு பெயர்கள் கட்டாயம் காதில் விழும். ஒன்று, கனடாவில் வான்கூவர் தீவின் மேற்குக் கரையிலுள்ள டொஃபினோ. இன்னொன்று, அலாஸ்காவின் தென்கிழக்குக் கோடியிலுள்ள கெச்சிக்கன். இரண்டு ஊரிலும் அதே தேவதாருக் காடு, அதே சால்மன் மீன், அதே வெண்தலைக் கழுகு. ஆனால் தனியாக வருகிறவரை இரண்டும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. துடுப்புப் போட டொஃபினோ, நடந்து திரிய கெச்சிக்கன் என்பது என் கட்சி.

முதலில் மழைக் கணக்கு. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. டொஃபினோவில் அது 3,000-ஐத் தாண்டும், கெச்சிக்கனில் 3,500-ஐயும் தாண்டும். நம் ஊர் போலக் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்கிற மழை இல்லை இது. நாள் முழுக்க நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும். டொஃபினோவில் பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச்சுக்குள் பெய்துவிடும். ஜூலையில் வெயில்கூட எதிர்பார்க்கலாம், ஆகஸ்டில் காலைநேர மூடுபனி உண்டு. கெச்சிக்கனுக்கு அப்படி விடுமுறை கிடையாது. ஊருக்குள் ஆளுயரத்தைவிடப் பெரிய மழைமானிப் பலகை ஒன்றை நிறுத்தி, 1949-ல் 200 அங்குலத்தைத் தாண்டியதைப் பெருமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே குடை பிடித்து நடந்தால் நீங்கள் வெளியூர் என்று தெரிந்துவிடும். உள்ளூர்க்காரர்களுக்குப் பழுப்பு ரப்பர் பூட்ஸும் தலையை மூடும் மழைக்கோட்டும் போதும்.

போய்ச் சேருவதில் டொஃபினோ சுலபம். அதே தீவின் கிழக்குக் கரையிலுள்ள நனைமோ நகரிலிருந்து சாலை வழியாக மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் அந்த ஒற்றைச் சாலைதான் வழி. 2023 ஜூனில் காட்டுத்தீயால் அது அடைபட்டபோது ஊரே தவித்தது. கெச்சிக்கனுக்கு வெளியுலகிலிருந்து சாலையே இல்லை. விமானம் அல்லது கப்பல்தான். விமான நிலையமும் எதிர்த்தீவில் இருப்பதால், இறங்கியதும் படகேறித்தான் ஊருக்கு வர வேண்டும். பாலம் கட்டும் திட்டம் நாடு முழுக்கக் கேலிக்குள்ளாகி 2007-ல் கைவிடப்பட்டது. அந்தச் சில நிமிடப் படகுப் பயணம் எனக்குப் பிடிக்கும் என்பதால் இதை ஒரு குறையாகச் சொல்ல மாட்டேன்.

இனி கயாக். டொஃபினோவின் முகம் கடலைப் பார்த்தாலும் முதுகு கிளேயோக்வாட் சவுண்ட் என்ற தீவுகள் நிறைந்த உள்கடல் பக்கம் இருக்கிறது. படகு விட வேண்டியது அந்த முதுகுப் பக்கம்தான். எதிரே மியர்ஸ் தீவு. நிதானமாகத் துடுப்புப் போட்டாலும் ஒரு மணி நேரம் போல ஆகும். அங்கே பலகை பாவிய பாதையில் நடந்தால் ஆயிரம் வயதைத் தாண்டிய செந்தேவதாருக்கள். 1984-ல் மரம் வெட்ட வந்தவர்களை டிலாவோக்வியாட் பழங்குடியினர் மறித்து, தீவைத் தங்கள் பூங்காவாக அறிவித்தார்கள். மறு ஆண்டு நீதிமன்றமும் வெட்டுவதற்குத் தடை போட்டது. மரங்கள் மிஞ்சியது அதனால்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது காற்றைவிட நீரோட்டம். கடல் ஏறி வற்றும்போது தீவுகளுக்கிடையே உள்ள குறுகிய வழிகளில் தண்ணீர் ஆறாக ஓடும். அடியில் இருக்கும் கடற்புல்லைப் பார்த்தால் போதும்: ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தால் ஓட்டம் பலம், நிமிர்ந்து அசைந்தால் ஓய்வு நேரம். வற்றம் அதிகமானால் சேற்றுத்திட்டில் மாட்டிக்கொண்டு தண்ணீர் திரும்பும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஏப்ரல் கடைசியில் அதே சேற்றில் உள்ளான் பறவைகள் கூட்டமாக இரை பொறுக்கும் என்பதால், உட்காருவதும் நஷ்டம் என்று சொல்ல முடியாது. பலத்த மழை பெய்தால் சிற்றலைகள் அடங்கிவிடும். மடியை மூடியிருக்கும் துணியில் குட்டை கட்டும் நீரை அவ்வப்போது தட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கெச்சிக்கனிலும் கயாக் உண்டு, ஆனால் ஊர் முன்னாலுள்ள டோங்காஸ் நீர்வழி ஒரு நெடுஞ்சாலை. சுற்றுலாக் கப்பல், மீன்பிடிப் படகு, மிதவை விமானம் எல்லாம் அதே தண்ணீரில். டொஃபினோ துறைமுகத்திலும் மிதவை விமானம் இறங்கும்தான். அங்கே சற்று நேரத்தில் அதைக் கடந்துவிடலாம். கெச்சிக்கனில் அமைதி வேண்டுமென்றால் வடக்கே சிறு தீவுகள் இருக்கும் பக்கம் வண்டியில் போக வேண்டும். கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் 6 மீட்டர்வரை போகும். டொஃபினோவில் 4 மீட்டர் போல. படகைக் கரையில் எங்கே இழுத்து வைப்பது என்பதே கெச்சிக்கனில் தனிப் பாடம். மலைகளுக்கிடையே கடல் புகுந்த புகழ்பெற்ற மிஸ்டி ஃபியர்ட்ஸ் வனப்பகுதி பக்கத்தில்தான் இருக்கிறது என்று விளம்பரம் சொல்லும். பாறைச் சுவர்களும் பழுப்புக் கரடிகளுமாக அது அனுபவசாலிகளின் இடம். அங்கே தனியாகப் போகச் சொல்லி யாருக்கும் நான் யோசனை தர மாட்டேன்.

தனியாளுக்கு இன்னொரு சங்கடம். முன் அனுபவம் இல்லாத ஒற்றை ஆளுக்குப் பல கடைகள் படகை வாடகைக்குத் தருவதில்லை. தண்ணீர் அவ்வளவு குளிர். கவிழ்ந்தால் துணைக்கு ஆள் வேண்டும். அது நியாயம்தான். ஆகவே குழுவோடு போவீர்கள். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் இரட்டைப் படகில் வழிகாட்டியோடு உட்கார வைப்பார்கள், அது அதிர்ஷ்டம். தேனிலவு ஜோடிகளுக்கு நடுவே முன்பின் தெரியாத ஒருவரின் முதுகைப் பார்த்துத் துடுப்புப் போடுவதும் நடக்கும்.

நடையில் கதை தலைகீழ். டொஃபினோ ஊர் அரை மணியில் முடிந்துவிடும். மிச்சம் எல்லாம் கடற்கரை. கார் இல்லாதவருக்கு மிதிவண்டிப் பாதை ஒன்று இருப்பது பெரிய உதவி. கெச்சிக்கன் மலைச்சரிவில் தொங்குகிற ஊர். சில தெருக்கள் தெருவே அல்ல, மரப்படிக்கட்டுகள், ஆனாலும் தெருப்பெயர் பலகை உண்டு. ஓடைக்கு மேல் மரத்தூண்களில் நிற்கும் கிரீக் ஸ்ட்ரீட், 1950-கள்வரை விலைமாதர் வீதி. கோடையின் பிற்பகுதியில் அதன் அடியில் சால்மன்கள் எதிர்நீச்சல் போடும், அவற்றைத் துரத்திக்கொண்டு கடல்நாய்கள் வரும். மழை வலுத்தால் டோட்டம் ஹெரிட்டேஜ் சென்டர் என்ற அருங்காட்சியகத்துக்குள் நுழையலாம். டிலிங்கிட், ஹைடா பழங்குடி மக்களின் கைவிடப்பட்ட ஊர்களிலிருந்து கொண்டுவந்த 19-ம் நூற்றாண்டுக் குலக்கம்பங்கள் (குலச்சின்னங்கள் செதுக்கிய உயர்ந்த மரத்தூண்கள்), வண்ணம் பூசாமல், வெடிப்பும் விரிசலுமாக நிற்கின்றன. ஊருக்கு வெளியே சாக்ஸ்மன், டோட்டம் பைட் என்ற இடங்களுக்குப் போனால் புதிதாகச் செதுக்கியவற்றையும் பார்க்கலாம். இரண்டுக்கும் ஊர்ப் பேருந்து போகிறது.

கெச்சிக்கனின் எதிரி மழை இல்லை, கப்பல். சுமார் 8,000 பேர் வாழும் ஊரில் ஒரே நாளில் அதைவிட அதிகம் பேர் இறங்குவார்கள். மாலையில் கப்பல் கிளம்பியதும் ஊர் உங்களுடையது, ஆனால் பாதிக் கடைகளும் சாத்தியிருக்கும்.

செலவு? இரண்டும் மலிவில்லை, தனியாளும் இருவருக்கான அறை வாடகையைத்தான் கட்ட வேண்டும். டொஃபினோ கோடையில் கையைக் கடித்தால், 40 கிலோமீட்டர் தெற்கே யூக்ளூலெட்டில் தங்கலாம். அங்குள்ள பாறைக்கரைப் பாதை டொஃபினோவில் இல்லாதது.

கயாக் ஓட்டத்தான் போகிறீர்கள் என்றால் மே கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ டொஃபினோ. படகு இரண்டாம்பட்சம், நடையும் பராக்குப் பார்ப்பதும்தான் முக்கியம் என்றால் கெச்சிக்கன். எந்த நாளில் எத்தனை கப்பல் என்ற அட்டவணை முன்கூட்டியே வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு அப்புறம் அறை பதிவு செய்யுங்கள்.