உடல்நல நடத்தை மாற்றம்: ஒரு பருவம் படித்து முடித்தபின் எழுதும் மதிப்பீடு

பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பில் ‘உடல்நல நடத்தை மாற்றம்’ என்னும் பாடத்தை ஒரு பருவம் முழுவதும் படித்து முடித்திருக்கிறேன். அதற்கு முன் சில ஆண்டுகள் சுகாதாரக் கல்விப் பணியில் இருந்தேன். செய்தியைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் மக்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்வார்கள் என்று நம்பித் துண்டறிக்கைகள் எழுதியவள் நான். அந்த நம்பிக்கை எங்கே பிழையாகிறது என்பதைப் பொறுமையாகக் காட்டியதுதான் இந்தப் பாடத்திடமிருந்து நான் பெற்ற பெரிய பயன்.

முதல் வாரங்கள், நோயைப் பற்றி ஒருவர் நம்புவதே அவர் செயலை முடிவுசெய்கிறது என்னும் உடல்நல நம்பிக்கை மாதிரியோடு தொடங்குகின்றன. 1950-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையில் பணியாற்றிய உளவியலாளர்கள், காசநோயைக் கண்டறிய எக்ஸ்ரே வசதி செய்துகொடுத்தும் பலர் ஏன் வரவில்லை என்று ஆராய்ந்தார்கள். தமக்கும் நோய் வரக்கூடும், அறிகுறி தோன்றும் முன்பே கண்டறிவதால் பயன் உண்டு என்று இரண்டையும் நம்பியவர்களில் 82 விழுக்காட்டினர் தாமாகவே எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள் என்றும், இரண்டையும் நம்பாதவர்களில் அது 21 விழுக்காடுதான் என்றும் அவர்களில் ஒருவரான ஹாக்பாமின் ஆய்வு காட்டியது. கோட்பாட்டை வரையறையாகச் சொல்லாமல், அது எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்தது என்பதிலிருந்து கற்பித்ததால், தேர்வு முடிந்த பிறகும் அது மனத்தில் நிற்கிறது.

என்னை உலுக்கியது 1965-இல் லெவந்தாலும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட டெட்டனஸ் தடுப்பூசி ஆய்வு. பல்கலைக்கழக மாணவர்களில் சிலருக்கு மிகுந்த அச்சமூட்டும் கையேட்டையும் சிலருக்கு மிதமான கையேட்டையும் கொடுத்தார்கள். அச்சம் மிகுந்தவர்களிடம் ஊசி போட்டுக்கொள்ளும் எண்ணம் கூடியது. ஆனால் அச்சத்தின் அளவு ஊசி போட்டுக்கொண்டவர்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கவில்லை. சுகாதார மையத்தைக் குறித்துக் காட்டும் வரைபடத்தைத் தந்து, வாரத்தில் எந்த நேரம் அங்கே போக முடியும் என்று திட்டமிடச் சொன்ன குழுவில் சுமார் 28 விழுக்காட்டினர் போட்டுக்கொண்டார்கள். அந்த வழிகாட்டல் இல்லாத குழுவிலோ சுமார் 3 விழுக்காட்டினரே. இதைப் படித்த இரவு என் பழைய துண்டறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். நோயின் கொடுமை பக்கம் பக்கமாக இருந்தது. மருத்துவமனை எந்த நேரத்தில் திறந்திருக்கும், எந்த வாசலில் போய்க் கேட்க வேண்டும் என்ற ஒரு வரி எதிலும் இல்லை. வராதவர்களை அக்கறையற்றவர்கள் என்று நான் அறிக்கைகளில் எழுதியதை நினைத்து வருந்தினேன்.

புரோச்சஸ்காவும் டிக்ளமெண்டேயும் உருவாக்கிய மாற்ற நிலைகள் மாதிரியை எங்கள் ஆசிரியர் கையாண்ட விதத்தையும் பாராட்ட வேண்டும். மாற்றத்தை நினைத்தே பார்க்காத நிலையிலிருந்து, மாறியதைத் தக்கவைக்கும் நிலைவரை மனிதர் படிப்படியாக நகர்கிறார் என்று சொல்லும் அது, களத்தில் பலரும் விரும்பிப் பயன்படுத்தும் மாதிரி. அதன் நிலைகளைப் பிரிக்கும் கால எல்லைகளுக்கு வலுவான அடிப்படை இல்லை என்று கூறி, அதைக் கைவிட வேண்டும் என 2005-இல் உளவியலாளர் ராபர்ட் வெஸ்ட் முன்வைத்த வாதத்தையும் ஆசிரியர் அதே வகுப்பில் வைத்து எங்களை விவாதிக்கச் செய்தார். அறிவுரை சொல்லாமல், மாறுவதற்கான காரணங்களை ஒருவர் தாமே சொல்லும்படி உரையாடும் ஊக்கமூட்டும் நேர்காணல் முறைக்கு இரண்டு வகுப்புகளே கிடைத்தன; எதிரில் இருப்பவரைத் திருத்தத் துடிக்கும் நம் அவசரத்தை அடக்கப் பழக அது போதாது.

பாடத்தின் உயிர் என்று நான் கருதுவது, ஒவ்வொருவரும் தம் பழக்கம் ஒன்றை மாற்ற முயலும் செய்முறைப் பணி. படுக்கையறைக்குள் கைபேசியைக் கொண்டுபோவதில்லை என்று நான் முடிவெடுத்தேன். முதல் வாரம் எதையும் மாற்றாமல் குறிப்பெடுக்க வேண்டும் என்ற விதி எனக்கு வீண் என்று தோன்றியது. ஆனால் அந்தக் குறிப்புகள்தான், என் சிக்கல் மன உறுதியில் இல்லை, மின்னேற்றி கட்டில் அருகே இருந்ததில்தான் இருக்கிறது என்று காட்டின. அதை வேறு அறைக்கு மாற்றிய பிறகே பழக்கம் மாறத் தொடங்கியது.

குறைகளும் இங்கேதான் இருக்கின்றன. பணிக்கு ஆறு வாரங்களே ஒதுக்கப்பட்டன. ஒரு செயல் தன்னியல்பாக மாற எடுக்கும் நாட்களின் இடைநிலை அளவு 66 என்றும், ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 முதல் 254 வரை வேறுபடும் என்றும் லாலி என்னும் ஆய்வாளரின் ஆய்வைக் கொண்டு கற்பித்த அதே பாடம், 42 நாட்களில் முடிவைக் கேட்டு மதிப்பெண் இடுவது பொருந்தவில்லை. நாமே நிரப்பும் குறிப்பேடு ஒன்றே அளவீடு என்பதால், நல்ல முடிவைக் காட்டும் ஆசை எங்கள் எல்லோரிடமும் இருந்தது; அந்தச் சாய்வை ஆசிரியர் பேசவே இல்லை.

இதைவிடப் பெரிய குறை பாடத்திட்டத்தின் அடுக்கில் உள்ளது. வாரங்களில் பெரும்பகுதி தனிமனிதரின் எண்ணங்களுக்கே போய்விடுகிறது. குடும்பம், பணியிடம், சட்டம், விலை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும் சமூகச் சூழல் மாதிரியை மெக்லெராயும் உடன் ஆய்வாளர்களும் 1988-லேயே முன்வைத்துவிட்டார்கள். அது கடைசி இரண்டு வாரங்களில் அவசரமாக முடிக்கப்பட்டது. புகைப்பழக்கத்தைக் குறைத்ததில் வரிக்கும் புகையில்லா இடங்களுக்கான சட்டங்களுக்கும் உள்ள பங்கைச் சரியாகப் படிக்காமல் ஒருவர் பட்டம் பெற்று வெளியேறினால், நான் முன்பு செய்தது போலவே நோயாளியைக் குறைசொல்லத் தொடங்கிவிடுவார் என்று அஞ்சுகிறேன்.

களப்பணியில் இருப்பவர்களுக்கு இந்தப் பாடத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அடிப்படைப் புள்ளியியலை முன்பே முடித்துவிட்டுச் சேர்வது நல்லது. ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணைகளைப் படிக்கத் தெரியாதவர்கள் நடுவில் மிகவும் திணறினார்கள். செய்முறைப் பணியை முதல் வாரத்திலேயே தொடங்கிப் பருவத்தின் இறுதிவரை நடத்தும்படி துறைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.