ஜாங்கோவில் ஏழு வருடம்: ஒரு பார்சல் ஆபீஸ் மென்பொருளின் வரவு செலவு

ஈரோட்டில் ஒரு லாரி பார்சல் ஆபீஸுக்கு 2018-இல் ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் இணைய மென்பொருள் எழுத உதவும் கட்டமைப்பு) எழுதிக் கொடுத்த புக்கிங் மென்பொருள் இன்றும் ஓடுகிறது. வருவதில் முக்கால்வாசி ஜவுளி பண்டல்கள். சரக்கு வரும், கிளார்க் எல்.ஆர். (லாரி ரசீது) போடுவார், பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார், ராத்திரி லாரி கிளம்பும். மென்பொருள் என்று பார்த்தால் ஒரு ஃபார்ம், நாலைந்து டேபிள், ஒரு லிஸ்ட், அவ்வளவுதான். ஆனால் தினமும் எட்டு மணி நேரம் யாரோ ஒருவர் அந்த ஃபார்மிலேயே உட்கார்ந்திருந்தால் என்னென்ன வெளியே வரும் என்பதை வேறு எந்த புராஜெக்ட்டிலும் நான் இவ்வளவு பார்த்ததில்லை.

இதற்கு முன் அங்கே ஓடியது பழைய பிஎச்பி மொழி மென்பொருள். யார் எழுதியது என்று ஓனருக்கே நினைவில்லை. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் ஃபங்ஷன்களை நேராகக் கூப்பிடும் அந்தக் காலத்துப் பாணி. 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7 அந்த ஃபங்ஷன்களை அடியோடு எடுத்துவிட்டது. ஹோஸ்டிங்காரர்கள் ஒருநாள் வெர்ஷனை உயர்த்தினார்கள், மறுநாள் காலை திரை வெள்ளையாக நின்றது. என்னைத் தேடி வந்தது அப்படித்தான்.

பழைய டேட்டாவை மாற்றும்போது ஒரு பெயர் கண்ணில் பட்டது. தூத்துக்குடி பக்கத்து வாடிக்கையாளர், டி'குரூஸ். ஆங்கிலத்தில் எழுதியிருந்த அந்தப் பெயரின் நடுவில், மேற்கோள் குறிக்கு முன்னால், வரிசையாக ஏழு பின்சாய்வுக் கோடுகள். மேற்கோள் குறிக்கு முன் தானாகக் கோடு போடும் பிஎச்பியின் மேஜிக் கோட்ஸ் ஒருமுறை சேர்த்திருக்கிறது. அது போதாதென்று எழுதியவரும் தன் பங்குக்கு ஒருமுறை சேர்த்திருக்கிறார். முதல் சேவில் ஒன்று மிஞ்சும், அதைத் திறந்து மறுபடி சேவ் செய்தால் மூன்று, இன்னொரு முறை செய்தால் ஏழு. ஆக, அந்தப் பெயர் மூன்று முறை சேவ் ஆகியிருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்! மேஜிக் கோட்ஸை 2012-இல் பிஎச்பி 5.4 தூக்கி எறிந்தது. இந்த ஆபீஸில் மட்டும் அதன் எச்சம் அப்படியே இருந்தது.

ஜாங்கோவின் ஓஆர்எம்மில் (நாம் எழுதும் பைத்தான் வரிகளை எஸ்கியூஎல்லாக மாற்றும் பகுதி) இந்தத் தலைவலி கிடையாது. குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) தனியாகவும் மதிப்புகள் தனியாகவும் டேட்டாபேஸ் டிரைவருக்குப் போகின்றன. மேற்கோள் குறி வெறும் எழுத்தாகவே உள்ளே போய் எழுத்தாகவே திரும்பி வரும். இன்ஜெக்‌ஷன் (டைப் செய்யும் எழுத்துக்குள் யாராவது எஸ்கியூஎல் கட்டளையை நுழைப்பது) பயமும் அதோடு பெரும்பாலும் போய்விடுகிறது. பெரும்பாலும் என்றுதான் சொல்வேன். மூன்றாம் வருடம் ஒரு ரிப்போர்ட்டுக்காக அவசரத்தில் நேரடி எஸ்கியூஎல் எழுதி, ஊர்ப் பெயரை சரத்துக்குள்ளேயே ஒட்டி வைத்திருந்தேன். ஆறு மாதம் கழித்து வேறெதையோ தேடும்போது அது என் கண்ணிலேயே பட்டது. ஓஆர்எம்மைத் தாண்டிப் போகும் கதவை ஜாங்கோ திறந்துதான் வைத்திருக்கிறது, தாண்டுகிறவன்தான் பார்த்துக் கால் வைக்க வேண்டும்.

ஃபார்முக்கு வருகிறேன். மாடலைக் (டேபிளின் வரையறை) காட்டினால் ஃபார்ம் தயார், செல்லுமா என்று கேட்டால் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே பிழை சொல்லும், செல்லும் என்றால் எண் எண்ணாகவும் தேதி தேதியாகவும் கையில் கிடைக்கும். சும்மா சொல்லக் கூடாது, இது அருமை. ஆனால் 'தேதி தேதியாக' என்ற இடத்தில்தான் முதல் அடி விழுந்தது.

2018 ஏப்ரல் முதல் வாரம் ஆரம்பித்தோம். சரக்கோடு வரும் பில்லின் தேதியை கிளார்க் டைப் செய்ய வேண்டும். நம் வழக்கப்படி நாள், மாதம், வருடம். நான் புதிய புராஜெக்ட்டில் வரும் அமெரிக்க ஆங்கில செட்டிங்கை மாற்றவே இல்லை. அந்த செட்டிங்கில் சாய்கோடு போட்டு எழுதினால் முதலில் வருவது மாதம். ஏப்ரல் 2 என்று நினைத்து அவர் போட்டது பிப்ரவரி 4 ஆக உட்கார்ந்தது. ஏப்ரல் 5, மே 4 ஆனது. ஏப்ரல் 4 மட்டும் எப்படித் திருப்பினாலும் அதேதான் என்பதால் தப்பித்தது. 13-ஆம் தேதி, சித்திரை ஒன்றுக்கு முந்தின நாள், ஃபார்ம் எதையும் ஏற்க மாட்டேன் என்றது. பதின்மூன்றாவது மாதம் இல்லையே. அன்றைக்குத்தான் விஷயம் எனக்கு வந்தது.

உண்மையில் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். மார்ச் 31 தேதியிட்ட பில்கள் சில வந்திருக்கின்றன, ஃபார்ம் பிழை காட்டியிருக்கிறது. கிளார்க் என்னிடம் சொல்லவில்லை. அன்றைய தேதியைப் போட்டு வேலையை முடித்துவிட்டு அடுத்த பண்டலைப் பார்க்கப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், வாசலில் டெம்போ நிற்கிறது. பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு மாற்றியதும் நாள் முன்னால் வந்துவிட்டது, ஒரு வரி வேலை. பழைய பதிவுகளை புக்கிங் நேரத்தோடு ஒப்பிட்டுத் திருப்பிப் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போனது.

இதன் தம்பி ஒருவன் உண்டு, டைம்சோன். அதையும் யுடிசியிலேயே (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) விட்டிருந்தேன். ராத்திரி 12 மணிக்கு மேல் லோடிங் நடக்கும் ஆபீஸ் அது. விடிகாலை 5.30 வரை போட்ட புக்கிங் எல்லாம் முந்தின நாள் லிஸ்ட்டில் போய் விழுந்தது. கல்லாக் கணக்கு இடித்தபோதுதான் கண்டுபிடித்தோம்.

ஜாங்கோவில் எனக்கு இன்றுவரை பிடிக்காத பகுதி ஃபார்ம்செட். ஒரு எல்.ஆரில் நாலு வகை சரக்கு இருக்கலாம், எனவே ஒரே திரையில் பல வரிகள் வேண்டும். புது வரியை ஜாவாஸ்கிரிப்ட்டில் சேர்த்தால், மொத்தம் எத்தனை வரி என்று மறைவாக இருக்கும் கட்டத்திலும் எண்ணை நாமே ஏற்ற வேண்டும். மறந்தால் அந்த வரி சத்தமில்லாமல் காணாமல் போகும். இதையாவது டாக்குமென்டேஷனில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். என்னைக் கவிழ்த்தது வேறு. வேலையைச் சுருக்கலாம் என்று புது வரியில் முன்கூட்டியே 'பண்டல், 1' என்று நிரப்பி வைத்தேன். வந்ததும் ஒரு பண்டல்தான் என்றால் கிளார்க் எதையும் தொடாமல் சேவ் அழுத்துவார். முன்பே நிரப்பிய மதிப்பு மாறவில்லை என்றால், கூடுதல் வரியை யாரும் தொடாத காலி வரி என்றே ஃபார்ம்செட் எடுத்துக்கொள்ளும். பிழையும் இல்லை, பதிவும் இல்லை. சரக்கே இல்லாத எல்.ஆர்.கள் வரிசையாகப் பிரிண்ட் ஆகி வந்தன. அது வடிவமைப்பிலேயே அப்படித்தான், பிழையே இல்லை என்று புரிய எனக்கு ஒரு நாள் முழுக்க ஆனது. முன்நிரப்பலை எடுத்துவிட்டு, ஒரு வரியாவது இல்லாமல் சேவ் ஆகக் கூடாது என்று கட்டாயம் வைத்தேன்.

குவெரி பக்கம் எல்லோரும் எழுதும் கதைதான், என் எண்களோடு சொல்லிவிடுகிறேன். தினசரி லிஸ்ட்டில் 200 புக்கிங். ஒவ்வொன்றுக்கும் அனுப்புபவர், பெறுபவர், ஊர் என்று மூன்று தொடர்புகள். டெம்ப்ளேட்டில் புள்ளி வைத்து வைத்துப் பெயரை எடுத்தேன். குவெரிகளை எண்ணிக் காட்டும் டிபக் டூல்பார் போட்டுப் பார்த்தால் 601 குவெரி! லிஸ்ட்டுக்கு ஒன்று, மீதி ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்று. தொடர்புள்ள டேபிள்களையும் சேர்த்தே எடுக்கும் செலக்ட் ரிலேட்டட் சேர்த்ததும் ஒரே ஜாயினாக ஒரே குவெரி. சரக்கு வரிகள் எதிர்ப்பக்கத் தொடர்பு (ஒரு புக்கிங்குக்குப் பல வரி) என்பதால் அதற்கு பிரீஃபெட்ச் ரிலேட்டட், கூட இன்னொரு குவெரி. என் லேப்டாப்பில் இருபது பதிவை வைத்துச் சோதித்தபோது இது தெரியவே இல்லை. எழுதும் வரி அழகாக இருக்கிறது என்பதற்காக, கீழே போகும் எஸ்கியூஎல் அழகாக இருக்கும் என்று நம்பக் கூடாது. அப்புறமிருந்து புதுப் பக்கம் எதுவானாலும் டூல்பார் எண்ணைப் பார்க்காமல் நான் ஏற்றுவதில்லை.

எல்.ஆர். நம்பர் விவகாரம்தான் பெரியது. இருப்பதிலேயே பெரிய எண்ணை எடுத்து ஒன்று கூட்டுவது, அதுதான் நான் முதலில் எழுதியது. அந்த நம்பர் ஏற்கெனவே இருக்கிறதா என்று ஃபார்மின் கிளீன் ஃபங்ஷனிலும் (சேவுக்கு முன் சரிபார்க்கும் இடம்) பார்த்தேன், இரட்டைப் பாதுகாப்பு என்று நினைத்து. தீபாவளி நெருக்கத்தில் இரண்டாவது கவுண்டர் போட்டார்கள். இரண்டு பேரும் ஒரே நொடியில் சேவ் அழுத்த, இருவருக்கும் 4182. இரண்டு ஃபார்மும் டேபிளைக் கேட்டிருக்கின்றன, இரண்டுக்கும் 'அப்படி நம்பர் இல்லை' என்று பதில் வந்திருக்கிறது, இரண்டும் எழுதிவிட்டன. கெட்ட நேரம், இரண்டு பார்சலும் மதுரைக்கு. நைட்டி பண்டல் எடுக்க வந்தவர் பெட்ஷீட் பண்டலோடு வீடு போய்ச் சேர்ந்தார்.

அடுத்து நிதியாண்டும் நம்பரும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்று போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிலேயே யுனிக் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டேன். நம்பர் ஏப்ரல் 1-இல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், அதனால் இரண்டும் சேர்த்து. இப்போது இரட்டை நம்பர் இல்லை. பதிலாக, பிந்திய கவுண்டரில் 500 பிழைப் பக்கம். "தம்பி, கம்ப்யூட்டரு செத்துப் போச்சுங்க" என்று போன். சரி, டேட்டாபேஸே வரிசையாக எண் கொடுக்கும் சீக்வென்ஸ் வைக்கலாம் என்று மாற்றினேன். சீக்வென்ஸ் எடுத்த எண்ணைத் திருப்பித் தராது. பாதியில் டிரான்ஸாக்‌ஷன் (முழுதாக முடியும், இல்லையேல் முழுதாக ரத்தாகும் வேலைத் தொகுப்பு) ரத்தானால் அந்த எண் போனது போனதுதான். மார்ச் முடிவில் ஆடிட்டர் விடுபட்ட நம்பர்களை வட்டமிட்டு, இந்த ரசீதெல்லாம் எங்கே என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

கடைசியில் நின்றது இது: நிதியாண்டுக்கு ஒரு வரி கொண்ட தனி டேபிள். டிரான்ஸாக்‌ஷனுக்குள் அந்த வரியை செலக்ட் ஃபார் அப்டேட் போட்டுப் பூட்டி, எண்ணை ஏற்றி, புக்கிங்கை எழுதி, ஒன்றாக முடிப்பது. இரண்டாவது கவுண்டர் கண் சிமிட்டும் நேரம் காத்திருக்கும். ரத்தானால் எண்ணும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். யுனிக் கன்ஸ்ட்ரெயின்ட்டை எடுக்கவில்லை, அது அங்கேயே இருக்கட்டும். ஜாங்கோ 4.1 முதல், மாடலில் எழுதிய கன்ஸ்ட்ரெயின்ட்களை ஃபார்மே முன்கூட்டிச் சோதித்து ஒழுங்கான பிழை வாசகம் காட்டுகிறது. வாடகை பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது போன்றவற்றுக்கு அது வசதி. ஆனாலும் ஃபார்ம் சோதிப்பது வாசலில் நின்று 'யாருங்க' என்று கேட்கிற மாதிரிதான். பூட்டு டேபிளில் இருக்க வேண்டும்.

தமிழில் டைப் செய்கிறவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்று. கொங்கு என்று தொடங்கும் ஒரு கடைப் பெயரைத் தேடினால் கிடைக்கவில்லை, லிஸ்ட்டில் கண்ணெதிரே இருக்கிறது. 'கொ'வில் வரும் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைத்தானில் எண்ணினால் 'கொங்கு' ஒரு வகையில் 6, இன்னொரு வகையில் 7. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய டேட்டாவில் இரண்டாம் வகை நிறைய. ஜாங்கோ தன் யூசர்நேம் கட்டத்தை மட்டும் யூனிகோட் முறையில் சீராக்கிக்கொள்கிறது, மற்றக் கட்டங்களை நம்மிடம் விட்டுவிடுகிறது. எல்லா எழுத்துக் கட்டங்களுக்கும் பொதுவாக ஒரு சிறு கிளாஸ் எழுதி, உள்ளே வரும்போதே என்எஃப்சி (ஒரே குறியீடாகச் சேர்த்த) வடிவத்துக்கு மாற்றினேன். தேடும் சொல்லுக்கும் அதே. நீள வரம்பையும் அப்போதே கூட்டினேன். 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து, ஃபார்முக்கு ஐந்து. முப்பது என்று வைத்த கட்டத்தில் ஒரு ஜவுளிக் கடையின் முழுப் பெயர் அடங்காது. கடைசிப் பெயரைக் கட்டாயமாக்கும் ஃபார்ம்களைப் பற்றி எழுதினால் தனிப் பதிவாகிவிடும்; இனிஷியல் மட்டும் உள்ள ஊரில் அந்தக் கட்டம் முழுக்கப் புள்ளிகளாகத்தான் நிரம்பும்.

வெர்ஷன் உயர்த்துவதில் பெரிய புகார் இல்லை. நீண்ட கால ஆதரவு உள்ள 2.2, 3.2, 4.2 என்று தாண்டித் தாண்டி வந்தேன். மைக்ரேஷன்கள் (டேபிள் அமைப்பை மாற்றும் படிகள்) ஏழு வருடத்தில் ஒருமுறையும் டேட்டாவைக் கெடுக்கவில்லை. 4.0-ஐத் தாண்டும்போது மட்டும் ஒரு காலை எல்லா ஃபார்மும் 403 (அனுமதி இல்லை) என்றன. வேறு தளத்திலிருந்து வரும் போலி ஃபார்மைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் சோதனையில் ஆரிஜின் ஹெடரையும் (ஃபார்ம் வந்த தளத்தின் முகவரி) பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் எச்டிடிபிஎஸ்ஸை அவிழ்த்து அனுப்புவதால் முகவரி பொருந்தவில்லை. நம்பகமான முகவரிகளின் செட்டிங்கில் எச்டிடிபிஎஸ் என்பதையும் சேர்த்து எழுதியதும் சரியானது. ரிலீஸ் நோட்ஸில் இருந்ததுதான், நான் படிக்கவில்லை. 2025 ஏப்ரலில் வந்த 5.2-ஐ படித்துவிட்டுத்தான் தொடுவேன்.

மறுபடி இதே வேலை வந்தால் ஜாங்கோவும் போஸ்ட்கிரெஸ்ஸும்தான் எடுப்பேன். ஃபார்ம்செட்டை மட்டும் விட்டுவிட்டு, சரக்கு வரிகளை நானே ஜேசன் வடிவ டேட்டாவாக வாங்கிச் சரிபார்ப்பேன்.

ஆபீஸில் கேட்டால் அவர்களுக்கு இந்த எதுவும் தெரியாது. 601 குவெரி ஒன்றானதைச் சொன்னபோது மூத்த கிளார்க் தலையாட்டினார். டாலி கணக்கு மென்பொருளில் பழகிய கை அவருடையது. "அதெல்லாம் சரிங்க தம்பி, எண்டர் தட்டுனா அடுத்த கட்டத்துக்குப் போகோணும், இது பாதியிலயே சேவ் ஆகப் பாக்குது" என்றார். எண்டரை டேப் போல நடக்க வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொத்தம் பதினோரு வரி. ஏழு வருடத்தில் அந்த ஆபீஸில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தது அதற்கு மட்டும்தான்.