மும்பை ஈரத்துக்கு எந்த மெத்தை: நாரா, ஃபோமா, இலவம்பஞ்சா?

மும்பையில் மெத்தை வாங்குகிறவர்கள் கடையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள், படுத்துப் பார்க்கிறார்கள், கையால் அமுக்கிப் பார்க்கிறார்கள். பத்து நிமிடம் படுத்தால் எந்த மெத்தையும் சுகமாகத்தான் இருக்கும். ஜூலையில் வாரக்கணக்காக வெயில் தலைகாட்டாதபோது இது எப்படிக் காயும் என்று கேட்பவர் குறைவு. இந்த ஊரில் மற்ற எல்லாக் கணக்கும் அதற்கு அப்புறம்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு இலவம்பஞ்சுக்கு. வீட்டில் போட்டிருப்பதும் அதுதான். ஆனால் அதை வெயிலில் காயவைக்க வேண்டும்; மொட்டை மாடிச் சாவியைச் சொசைட்டி (குடியிருப்புச் சங்கம்) கண்ணிலேயே காட்டாத வீட்டுக்கு, வேண்டாம் என்று நானே சொல்வேன்.

ஸ்பிரிங் மெத்தையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கனம் அதிகம், கடல் காற்றில் கம்பி துருப்பிடிக்கும், கெட்டால் பிரித்துச் சரிசெய்ய வழி கிடையாது. மெமரி ஃபோம் உடம்புச் சூட்டில் இளகி உடம்பைச் சுற்றி அணைத்துக்கொள்ளும்; ஏசி இல்லாத அறையில் அதுவே தொல்லை. தூக்கம் பிடிக்கும் நேரத்தில் உடம்பின் உள்சூடு சற்று இறங்க வேண்டும், அந்தச் சூடு தோல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். மே மாத இரவில் வெப்பமானி 27 டிகிரியை ஒட்டியே நிற்கிற ஊரில், முதுகுப் பக்கம் முழுக்க மூடிக்கொண்டால் எப்படித் தூக்கம் வரும்?

நார் மெத்தைக்கு நம்மவர்களிடம் ஒரு மரியாதை உண்டு. சுருட்டிய தேங்காய் நாரில் ரப்பர் பால் தெளித்து அழுத்திச் செய்வது. காற்று உள்ளே போய்வரும், கெட்டியாக இருக்கும். ‘கெட்டியாக இருந்தால்தான் முதுகுக்கு நல்லது’ என்பதற்காகவே பலர் இதை வாங்குகிறார்கள். ஆனால் 2003-இல் லான்செட் இதழில் வெளியான ஸ்பெயின் ஆய்வில், நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரிடம் பார்த்ததில், கெட்டி மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியான மெத்தையில்தான் வலி அதிகமாகக் குறைந்தது. அதனால் முதுகுக்கு நல்லது என்று சொல்லி மெத்தைமேல் போடும் ‘ஆர்த்தோ’ என்ற எழுத்துக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். நார் மெத்தையின் உண்மையான குறை வேறு. சில வருடங்களில் இடுப்பு வைக்கும் இடத்தில் குழி விழும், நார் ஒடிந்து கட்டிலுக்கடியில் பழுப்புத் தூளாகக் கொட்டும், ஒருமுறை ஈரம் ஏறினால் அந்த வாடை லேசில் போகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடாகவும் மேல்கீழாகவும் திருப்பிப்போட்டால் குழி தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

ஃபோம் வாங்கினால் தடிமனைவிட டென்சிட்டியைக் கேளுங்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். கடைக்காரர் வாயால் சொல்வதைத் தராசில் சரிபார்க்கலாம். 72-க்கு 36 இஞ்ச், 5 இஞ்ச் உயரமுள்ள சிங்கிள் மெத்தையின் கன அளவு 0.21 கன மீட்டர். 32 டென்சிட்டி என்றால் உறை நீங்கலாக ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவும், 40 டென்சிட்டி என்றால் எட்டரை கிலோவாகவும் இருக்க வேண்டும். ஐந்து கிலோதான் காட்டுகிறது என்றால் சீக்கிரமே அமுங்கிவிடும் சரக்கு அது.

லேடெக்ஸ், அதாவது ரப்பர் நுரை மெத்தை, படுக்கச் சுகம், துள்ளலும் உண்டு, வருடக்கணக்கில் அமுங்காது. கனம்தான் வாட்டும். 78-க்கு 60, 6 இஞ்ச் மெத்தை ஏறக்குறைய 35 கிலோ. பிடிப்பு இல்லாமல் துவண்டு விழும் 35 கிலோ. பத்து, பன்னிரண்டு வருடம் இந்தக் கடலோர ஈரத்தில் அது எப்படி நிற்கும் என்பதற்கு என்னிடம் நேரடி அனுபவம் இல்லை, அதனால் அதற்கு மேல் அளக்கவில்லை.

இப்போது காயவைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இரவு முழுக்க வியர்வையின் ஈரம் மெத்தைக்குள் இறங்குகிறது. அடியில் இருப்பது பாக்ஸ் கட்டிலின் (அடியில் சாமான் வைக்கும் பெட்டி உள்ள கட்டில்) பிளைவுட், மேலே சன்மைக்கா ஒட்டியது. ஈரம் அங்கே போய் முட்டி நிற்கிறது. காலையில் எழுந்ததும் அதன்மேல் பெட்கவரை இழுத்து மூடிவிடுகிறோம். வெளிக்காற்றே எண்பது சதவீத ஈரத்தில் இருக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை இது தினமும் நடந்தால், மெத்தையைத் தூக்கிப் பார்க்கும்போது அடியில் கறுப்புப் பொட்டுகள் தெரியும். பூஞ்சணம் ஒரு பக்கம். தூசிச் சிலந்தி எனப்படும் நுண்பூச்சிக்கும் இந்த ஈரம்தான் விருந்து. ராத்திரி மூக்கடைப்பு, விடிகாலைத் தும்மல், வாயால் மூச்சுவிட்டு நாக்கு வறண்டு விழிப்பது எல்லாம் பல வீடுகளில் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

பரிகாரம் வெயில். சிக்கல் என்னவென்றால், ஃபோமை நேர் வெயிலில் போட்டால் மஞ்சளித்துப் பொடியும், லேடெக்ஸ் விறைத்து வெடிக்கும். இரண்டையும் நிழலில், காற்றில்தான் உலர்த்தலாம். இந்த ஊர் நிழலில் எவ்வளவு உலரும் என்பது துணி காயப்போடுகிறவர்களுக்குத் தெரியும். இலவம்பஞ்சு அப்படியில்லை. அதற்கு வெயில்தான் மருந்து. இழை உள்ளே குழாய்போல் வெற்றிடம், மேலே மெழுகுப் பூச்சு. பருத்தியைப் போல் தண்ணீரை உறிஞ்சாது. ஒரு காலத்தில் உயிர்காப்புச் சட்டைக்குள் இதைத்தான் அடைத்தார்கள். வெயில் பட்டதும் அமுங்கிய இழைகள் விலகி மெத்தை உப்பும்.

அக்டோபர் முதல் மே வரை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். காலை ஒன்பதரைக்குப் போட்டு மதியம் ஒன்றரைக்கு எடுங்கள். மாடித் தரையில் போட்டால் புறாக்களின் உபயம் கிடைக்கும். நாலு பிளாஸ்டிக் நாற்காலி மேல் போட்டால் அடியிலும் காற்று ஓடும். நடுவில் ஒருமுறை புரட்டுங்கள். பிரம்பால் ஓங்கி அடிப்பது தப்பு. இலவம் இழை எளிதில் முறியும், முறிந்தால் தூளாகும். ஓரத்திலிருந்து நடுவைப் பார்த்து உள்ளங்கையால் தட்டிக்கொண்டே போங்கள், கட்டி தட்டுப்படும் இடத்தில் இரண்டு கையாலும் பிசைந்து விடுங்கள். உள்ளே கொண்டுவந்து அரை மணி ஆறவிட்ட பிறகு விரிப்பு போடலாம்.

மழைக்காலத்துக்கு வேறு முறை. மே கடைசியில் இரண்டு நாள் தொடர்ந்து நன்றாக வெயில் காட்டிவிட வேண்டும். அப்புறம் தினமும் எழுந்ததும் விரிப்பைக் கால்மாட்டுக்கு மடக்கிவிட்டு ஒரு மணி நேரம் ஃபேன் ஓடட்டும். வாரம் ஒருமுறை மெத்தையை நிமிர்த்தி இரண்டு நாற்காலிக்கு நடுவில் நிறுத்தி, ஒரு அடி தூரத்தில் டேபிள் ஃபேன் வைத்து மூன்று, நாலு மணி நேரம் விடுங்கள். ஏசி இருந்தால் டிரை மோடில் போட்டு ஜன்னலை மூடிக்கொள்ளலாம். கட்டிலை மேற்குச் சுவரிலிருந்து நாலு இஞ்சாவது தள்ளிப்போடுங்கள், தென்மேற்கு மழை அறைவது அந்தச் சுவரில்தான். பாக்ஸ் கட்டில் என்றால் கார்ப்பெண்டரை அழைத்து, பலகையில் அரை அடிக்கு ஒன்றாக ஒரு இஞ்ச் துளைகள் போடச் சொல்லுங்கள். அதன்மேல் ஒரு கோரைப்பாயை விரித்து மெத்தையைப் போட்டால், ஈரம் முதலில் பாயில் தங்கும். பாயைக் காயவைப்பது சுலபம்.

இதெல்லாம் நடக்க வேண்டுமானால் மெத்தையைத் தூக்க முடிய வேண்டும். ஆறுக்கு மூன்று அடி சிங்கிள் இலவம்பஞ்சு மெத்தைக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு கிலோ பஞ்சு பிடிக்கும். டபுள் மெத்தை இருபதைத் தாண்டும், லிஃப்டில் நுழையாது, படியில் இரண்டு ஆள் வேண்டும். அதனால் டபுள் கட்டிலுக்கும் இரண்டு சிங்கிள் மெத்தையாகவே தைக்கச் சொல்லுங்கள். நடுவில் இடைவெளி விழாமல் இரண்டையும் சேர்த்து ஒரே பருத்தி உறை போட்டுவிடலாம். ஒருவர் புரண்டால் மற்றவருக்கு ஆட்டம் தெரியாது என்பது கூடுதல் லாபம். புது மெத்தை ஆறு இஞ்ச் உயரம் இருக்கும், சில மாதத்தில் நாலரைக்கு இறங்கும். அது கோளாறல்ல.

ஏமாற்று அதிகம் உள்ள பண்டமும் இதுதான். போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து வரும் நல்ல பஞ்சு லேசான பால் மஞ்சள் நிறம், பட்டுப்போல் வழுக்கும். வெளுவெளுவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். தையல் போடும் முன் ஒரு பிடி எடுத்து, விதை தட்டுப்படுகிறதா பாருங்கள். விதை இருந்தால் எலி வரும். ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டால் இலவம் மிதந்துகொண்டே இருக்கும், கலந்த கழிவுப் பருத்தி நனைந்து இறங்கும். வெளியே எடுத்துப்போய் நாலு இழையைக் கொளுத்தினால், உருகிக் குண்டுமணிபோல் உறைவது பாலியெஸ்டர். துணி நெருக்கமான நெசவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பஞ்சு பூத்துப் பூத்து வெளியே வரும்.

ஊரிலிருந்து ரயிலில் கொண்டுவருவதானால், சுருட்டிய மெத்தை பெட்டிக்குள் அனுமதிக்கும் அளவைத் தாண்டும். லக்கேஜ் வேனில் புக் செய்வதே வழி. பஞ்சை மட்டும் மூட்டையாகக் கொண்டுவந்து இங்கே மெத்தை தைப்பவரிடம் அடைத்துக்கொள்வதும் நடக்கிற காரியம்தான். பருத்தி அடிக்கும் மெஷினில் போட வேண்டாம், கையால் உதிர்த்து அடைக்கச் சொல்லுங்கள். நாலைந்து வருடம் கழித்துப் பிரித்து, தூளை உதறி, ஒன்றிரண்டு கிலோ புதுப் பஞ்சு சேர்த்து, புதுத் துணியில் தைத்தால் மறுபடி புது மெத்தை. பழைய ஃபோமை என்ன செய்வீர்கள்? பழைய சாமான்காரரும் லேசில் தொடமாட்டார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தீ சட்டென்று பற்றும். கட்டிலுக்கடியில் கொசுவத்தி கூடவே கூடாது. மூட்டைப்பூச்சி வந்தால் பொத்தான் குழியும் ஓரத் தையலும் அதற்குக் கோட்டை. வெயிலில் போட்டால் செத்துவிடும் என்று நம்பாதீர்கள், நிழல் பக்கமாக நகர்ந்துவிடும். தையல் ஓரங்களில் ஸ்டீம் அயர்ன் ஆவி காட்டி, கட்டில் மூட்டுகளுக்கு ஆள் வைத்து மருந்தடித்தால்தான் போகும். ஆஸ்துமாக்காரர் உள்ள வீட்டில் இலவம்பஞ்சைத் தவிர்ப்பது நல்லது. படுக்கையில் சிறுநீர் போகும் குழந்தையோ படுத்த படுக்கையான பெரியவரோ இருந்தாலும் இது சரிப்படாது. இன்னொன்று: பலத்த குறட்டை, மூச்சுத் திணறித் திடுக்கிட்டு விழிப்பது, எட்டு மணி நேரம் படுத்தும் பகலில் தூங்கி வழிவது, இதற்கெல்லாம் எந்த மெத்தையும் பதிலல்ல, டாக்டரிடம் போக வேண்டிய விஷயம்.

மாடிச் சாவி செக்ரட்டரியிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது, பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடியாயிற்று, ஜன்னலில் காலை வெயில் விழாது என்கிறீர்களா? அப்படிப்பட்ட வீட்டில் இலவம்பஞ்சு இரண்டே மழையில் கட்டி தட்டிவிடும். அங்கே 40 டென்சிட்டி ஃபோம், 5 இஞ்ச், சிங்கிளாக இரண்டு வாங்குங்கள். உறையில் மூன்று பக்கமும் ஜிப் இருக்க வேண்டும், கழற்றித் துவைக்க முடிய வேண்டும். உள்பக்கம் பிளாஸ்டிக் பூசிய வாட்டர்புரூஃப் விரிப்பைக் கடைக்காரர் இலவசமாகவே தருவார். அதை வாங்கிப் பரணில் வைத்துவிட்டு, மேலே கனமான பருத்தி ஜமுக்காளம் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். வியர்வை அதில் நின்றுவிடும், வாரம் ஒருமுறை மெஷினில் போட்டு எடுக்கலாம்.