வகைக்குப் பெயர் வைக்க டைப்டெஃப்பா, மேக்ரோவா?

சி மொழியில் 'சார் *' (எழுத்தின் முகவரியை வைக்கும் பாயின்டர்) வகைக்குச் 'சரம்' என்று பெயர் வைக்க இரண்டு வழி: '#டிஃபைன் சரம் சார் *' என்ற மேக்ரோ அல்லது 'டைப்டெஃப் சார் *சரம்;'. ஒரு வரிக்கு ஒரே மாறி என்றால் வித்தியாசம் தெரியாது. 'சரம் அ, ஆ;' என்று எழுதியதும் தெரிந்துவிடும். கம்பைலருக்கு முன்னால் ஓடும் ப்ரீபிராசஸர் எழுத்தை மட்டும் மாற்றிப் போடுவதால் மேக்ரோவில் கம்பைலருக்குப் போய்ச் சேர்வது 'சார் * அ, ஆ;'. நட்சத்திரம் அ-வோடு ஒட்டிக்கொள்ளும். ஆ வெறும் சார். அதில் முகவரியைப் போட்டால் கம்பைலர் கத்தும். 64 பிட் கணினியில் ஆ-வின் அளவை பைட்டில் சொல்லும் சைஸ்ஆஃப் 8-க்குப் பதில் 1 என்று வந்தால் வாயே திறக்காது. டைப்டெஃப்பில் இரண்டுமே பாயின்டர்.

மதிப்பை மாற்றவிடாமல் பூட்டும் கான்ஸ்ட் சேரும்போது டைப்டெஃப் பக்கமும் ஒரு பொறி உண்டு. 'கான்ஸ்ட் சரம் அ' என்பது மேக்ரோவில் எழுத்துகளைப் பூட்டும், பாயின்டரை நகர்த்தலாம். டைப்டெஃப்பில் நேர் எதிர்: பாயின்டர்தான் பூட்டப்படும், எழுத்துகளை யாரும் மாற்றலாம். பழைய மேக்ரோவை டைப்டெஃப்பாக மாற்றுகிறவர்கள் முதலில் கான்ஸ்ட் வரும் வரிகளைத் தேடிப் பார்த்துவிடுவது நல்லது. நட்சத்திரத்தைப் பெயருக்குள் ஒளிக்காமலே விட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

ஃபங்ஷன் பாயின்டர், அரே வகைகளில் போட்டியே கிடையாது. அங்கே மாறியின் பெயர் அறிவிப்பின் நடுவில் உட்கார வேண்டும். 'வகை, பிறகு பெயர்' என்ற வரிசையில் எழுத டைப்டெஃப்தான் வழி.

'அன்சைன்ட்' (எதிர்மறை மதிப்பு இல்லாதது) என்பதை வகைப் பெயருக்கு முன்னால் ஒட்ட மேக்ரோ விடும், டைப்டெஃப் விடாது. இதை மேக்ரோவின் பலமாகச் சொல்வார்கள், ஆனால் டைப்டெஃப் தடுப்பதுதான் சரி. ஃபங்ஷனுக்குள் எழுதிய டைப்டெஃப் அந்த அடைப்புக்குறியோடு முடியும். மேக்ரோவோ '#அன்டெஃப்' வரும்வரை, இல்லாவிட்டால் ஃபைல் முடியும்வரை நீளும். வழியில் அதே பெயரில் ஒரு ஸ்ட்ரக்ட் உறுப்பு இருந்தால் அதையும் மாற்றிவிடும்.

மேக்ரோ உண்மையிலேயே ஜெயிக்கும் இடம், ஒரு பெயர் வரையறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் '#இஃப்டெஃப்'. டைப்டெஃப் ப்ரீபிராசஸர் கண்ணுக்குத் தெரியாது. சி மொழியின் 1999 தரமான சி99-இன் 'எஸ்டிடிஇன்ட்' ஹெடர் இரண்டையும் சேர்த்தே தருகிறது: 32 பிட் இன்ட் வகை டைப்டெஃப், அதன் உச்ச மதிப்பு மேக்ரோ. வகை இருக்கிறதா என்று அந்த மேக்ரோவை வைத்துச் சோதிக்கலாம். சொந்த வகைகளுக்கும் இதே ஏற்பாடு போதும்.

புதிய தரமான சி23-இல் உண்மை/பொய் வகையான 'பூல்' கீவேர்டு ஆகிவிட்டது. ஜிசிசி கம்பைலரின் 15-ஆம் பதிப்பு இயல்பாகவே அந்தத் தரத்தில்தான் கம்பைல் செய்கிறது. 'டைப்டெஃப் இன்ட் பூல்;' என்ற பழைய வரி அங்கே உடனே எரர் ஆகும். '#டிஃபைன் பூல் இன்ட்' தடையின்றிக் கடந்துபோகும். ஆனால் அப்போது பூல் என்பது வெறும் இன்ட், அதில் 256-ஐ வைத்தால் 1 ஆகாமல் 256 ஆகவே நிற்கும்.